ஸ்டெல்லா அக்காவுக்கு இரண்டு நேரம்

இன்று காலை தாம்பரத்தில் நடந்த பத்து கிலோமீட்டர் ஓட்டத்தில் பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்காவும் நானும் ஓடினோம். முதல்முறை என்ற கூச்சத்தில் அக்கா புறப்படும்போது கூட்டத்தின் கடைசியில்தான் நின்றார்.

அவர் வயதுக்காரர்களில் அவருக்கு நான்காம் இடம்; பரிசு முதல் மூவருக்குத்தான்.

ஆனால் அவர் தொடக்கக் கோட்டைத் தாண்டிய நொடியிலிருந்து நம்பர் அட்டையின் சிப் கணக்கிட்ட நேரப்படி, மூன்றாவதாக வந்தவரைவிட அக்காதான் வேகம்!

நான் சண்டைக்கே போய்விட்டேன்.

"பரிசுக்கு விசில் அடிச்சதுலேர்ந்துதான் மேடம் கணக்கு. யாரு முன்னாடி வந்தாங்களோ அவங்களுக்குத்தான்" என்றார் அமைப்பாளர்.

அக்கா என்னை இழுத்தார். "விடும்மா, பின்னாடி நின்னது நான்தானே? ஆனா பாரேன், நான் இவ்ளோ ஃபாஸ்ட்டா!"

வீடு வரும்வரை ஒரே சிரிப்பு. வாசலில் அவர் கணவர் எவ்வளவு நேரத்தில் ஓடினாய் என்று கேட்டதும், அக்கா சிப் நேரத்தை மட்டும் சொன்னார்.

நீங்களாக இருந்தால் எதைச் சொல்வீர்கள்?