சகலையின் பென் டிரைவில் என் ஏரி

புக்மார்க்குகளை பேக்கப் எடுத்து வைப்பது எப்படி என்று விளக்கும் கட்டுரை ஒன்றை நான் பல வருடங்களுக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டேன். அருமையான கட்டுரை. படங்களோடு, படிப்படியாகச் சொல்லியிருந்தார்கள். பிறகு நிதானமாகப் படித்துக்கொள்ளலாம் என்று அதையும் புக்மார்க் செய்து வைத்தேன். போன மழைக்காலத்தில், பெருங்களத்தூரை ஒட்டிய பீர்க்கன்கரணையில் இருக்கும் எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் கண்ணை மூடியபோது, மற்ற எல்லாவற்றோடும் சேர்ந்து அந்தக் கட்டுரையும் போய்ச் சேர்ந்தது. ஐம்பதைத் தாண்டியவன், நாலு புத்தகம் படித்தவன், இதை வெளியே சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் சொல்லாவிட்டாலும் என் மனைவி சொல்லிக்கொண்டுதான் இருக்கிறாள்.

நான் ஒரு சேகரிப்பாளன். இணையத்தில் மேயும்போது எது கண்ணில் பட்டாலும், பக்கத்தைப் புக்மார்க் செய்யும் அந்த நட்சத்திரக் குறியை ஒரு தட்டு தட்டிவிடுவேன். பழைய ரயில் பாதைகள், செங்கல்பட்டுப் பக்கத்துக் கல்வெட்டுகள், முழங்கால் வலிக்குப் பயிற்சிகள், எங்கள் பகுதி ஏரிகள். எல்லாம் ஒரே குவியல். எடுத்ததை எடுத்த இடத்தில் வைக்காத குடும்பத்தின் பரண் மாதிரி இருக்கும்.

இங்கே என் சகலையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மனைவியின் தங்கை கணவர். கூடுவாஞ்சேரியில் சொந்த வீடு. என்னைவிடச் சில வயது இளையவர். என்னை 'அண்ணா' என்றுதான் கூப்பிடுவார். குரலை உயர்த்த மாட்டார். யாரையும் குறை சொல்ல மாட்டார். ஒரு மனிதரைப் பிடிக்காமல் போவதற்கு இதற்கு மேல் என்ன காரணம் வேண்டும்?

எங்கள் வீட்டில் குழாய் ஒழுகினாலும் சரி, வருமான வரிக் கணக்கு இடித்தாலும் சரி, என் மனைவி சொல்வது ஒரே வாக்கியம்தான். "அவர்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்களேன்." அந்த 'அவர்' யார் என்று நான் கேட்டதில்லை. கேட்க வேண்டியதே இல்லை.

பொங்கலுக்கு அவர் வீட்டுக்குப் போயிருந்தோம். பேச்சுவாக்கில் மின்கட்டணம் பற்றி ஏதோ வந்தது. அவர் கம்ப்யூட்டரைத் திறந்தார். உலாவியின் மேல் வரிசையில் அழகாக நான்கைந்து ஃபோல்டர்கள். 'வீடு' என்பதைத் தொட்டார், அதற்குள் 'மின்சாரம்', அதற்குள் வேண்டிய பக்கம். ஒரு மிடறு காபி குடிக்கும் நேரம் கூட ஆகவில்லை. என் மனைவி அந்தத் திரையைப் பார்த்த பார்வை இருக்கிறதே, நகைக்கடைக் கண்ணாடி வழியாகக்கூட அவள் அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை.

"மாசம் ஒரு வாட்டி இதையெல்லாம் எக்ஸ்போர்ட் பண்ணி பென் டிரைவ்ல போட்டுடுவேங்க்கா. சின்ன ஃபைல்தான். எந்த கம்ப்யூட்டர்ல வேணாலும் திரும்பக் கொண்டுவந்துடலாம்," என்றார் அவளிடம். அந்தப் பென் டிரைவைப் பழைய மூக்குக்கண்ணாடி உறையில் வைத்திருந்தார். உறையின் மேல் ஒரு சீட்டு ஒட்டி, என்ன இருக்கிறது என்று எழுதியும் வைத்திருந்தார்.

திரும்பி வரும்போது மின்சார ரயிலில் என் மனைவி ஒன்றுமே பேசாமல் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். அந்த மௌனம் முழுவதும் என்னைப் பற்றியது.

மறுநாளே உட்கார்ந்தேன். பொறாமை வந்தால் எனக்குச் சோம்பல் பறந்துவிடும். புக்மார்க் மேனேஜரைத் திறந்து, எக்ஸ்போர்ட் கொடுத்து, மொத்தக் குவியலையும் ஒரே ஃபைலாக இறக்கி, டெஸ்க்டாப்பின் நட்டநடுவில், கண்ணில் படும்படி வைத்தேன். அதைப் படம் பிடித்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டு, 'பேக்கப் எடுத்தாயிற்று' என்று எழுதினேன். சகலை ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு, 'வேற இடத்துலயும் ஒரு காப்பி போட்டு வெச்சுடுங்கண்ணா' என்று எழுதியிருந்தார். என் வேகத்தைப் பார்த்து அவருக்குப் பொறாமை என்று நினைத்துக்கொண்டேன். அன்று முழுக்க அந்த நினைப்பு வெல்லம் மாதிரி நாக்கில் கிடந்தது.

மழைக்காலம் வந்தது. எங்கள் தெருவில் வழக்கம்போல முழங்கால் தண்ணீர். குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் எழுந்து, ஏரியின் உபரித் தண்ணீர் போகும் பழைய வாய்க்கால் எந்த வழியாக ஓடியது என்று காட்டும் வரைபடம் என்னிடம் இருக்கிறது, நம் தெரு அதன் மேல்தான் இருக்கிறது என்றேன். கூட்டம் அமைதியானது. வாழ்க்கையில் நான் பேசி ஒரு கூட்டம் அமைதியானது அதுதான் முதல் தடவை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதை எல்லோருக்கும் காட்டி விளக்க வேண்டும், அதை வைத்து மனு கொடுக்கலாம் என்றார் செயலாளர். சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவிலும் அறிவித்துவிட்டார். என் பெயருக்குப் பின்னால் 'ஆய்வாளர்' என்று வேறு போட்டிருந்தார். நான் மறுக்கவில்லை.

அந்த வாரமே மின்சாரம் போய்ப் போய் வந்ததில் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. மேற்குத் தாம்பரத்தில் பழுது பார்க்கும் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.

"டிஸ்க்கு போய்ட்ச்சு சார். புதுசு போட்டுத்தான் தரணும். பழசுல இன்னா வெச்சிருந்தீங்க?" என்றார் கடைக்காரர்.

"புக்மார்க்."

"போட்டோ, ஆபீஸ் ஃபைலு?"

"இல்லை. புக்மார்க்."

"அவ்ளோதானா? அப்ப ஒண்ணும் பேஜார் இல்ல சார்," என்று சொல்லி என் முதுகில் தட்டிக் கொடுத்தார்.

உலாவியில் என் அக்கவுண்டைப் போட்டு நுழைந்து வைத்திருந்தால் எல்லாம் தானாகவே திரும்பி வந்திருக்கும். ஆனால் நான் என்ன படிக்கிறேன் என்பதை எவனோ உட்கார்ந்து பார்ப்பதா என்ற கொள்கையில் நான் நுழைந்ததே இல்லை. இப்போது யாரும் பார்க்க முடியாது. நானும் பார்க்க முடியாது.

புது டிஸ்க்கோடு கம்ப்யூட்டர் வீட்டுக்கு வந்ததும் அந்த வரைபடத்தைப் புதிதாகத் தேடினேன். கிடைக்கவில்லை. யாரோ ஓய்வு பெற்றவர் தன் வலைப்பூவில் போட்டிருந்தது அது. தலைப்பும் ஞாபகம் இல்லை, எழுதியவர் பெயரும் ஞாபகம் இல்லை. என்ன வார்த்தை போட்டுத் தேடினாலும் வீட்டுமனை விளம்பரம்தான் வந்தது. எதிர்வீட்டுக்காரர் காய்கறி வாங்கப் போகும்போதெல்லாம் கேட் அருகே நின்று, "மேப்பு ரெடியா சார்?" என்பார். வரைபடம் இல்லாமல் போய் நின்றால், வாய்க்கு வந்ததை அளந்தவன் என்ற பெயர் இந்தத் தெருவில் இருக்கும்வரை ஒட்டிக்கொள்ளும். வெள்ளிக்கிழமை என் மனைவி அந்த வாக்கியத்தைச் சொன்னாள். இந்தத் தடவை மெதுவாக, ஆஸ்பத்திரியில் பேசுவது போலச் சொன்னாள்.

சனிக்கிழமை மதியம் சகலை வந்தார். கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு, தண்ணீரில் நடந்து, கையில் கண்ணாடி உறையோடு.

"நீங்கதான் பேக்கப் எடுத்தீங்களேண்ணா?"

"எடுத்தேன்."

"எங்க இருக்கு?"

"டெஸ்க்டாப்ல."

"எந்த டெஸ்க்டாப்ல?"

நான் கம்ப்யூட்டரைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். சிரித்திருந்தால் கூடத் தாங்கியிருப்பேன். சிரிக்கவில்லை. "பரவால்லண்ணா," என்று சொல்லிவிட்டுப் பென் டிரைவைச் செருகினார். உங்கள் புக்மார்க்கை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் இம்போர்ட் கொடுத்து, ஃபைலைக் காட்டி, முடித்துவிட்டார். என் திரையில் அவருடைய ஃபோல்டர்கள் வரிசையாக வந்து உட்கார்ந்தன. வீடு, வங்கி, பிள்ளைகள். கடைசியாக ஒன்று: 'அண்ணா அனுப்பியது'.

தினமும் காலையில் குடும்பக் குழுவில் நான் ஏதாவது ஒரு இணையச் சுட்டியை அனுப்புவது வழக்கம். யாரும் திறந்து பார்த்ததாகத் தெரியாது. சகலையின் கட்டைவிரல் மட்டும் தவறாமல் வரும். அது மரியாதைக்கு என்று நினைத்திருந்தேன். இந்த மனிதர் ஒவ்வொன்றையும் எடுத்து, 'ரயில்', 'கல்வெட்டு', 'உடம்பு', 'ஏரி' என்று பிரித்து அடுக்கி வைத்திருக்கிறார். 'ஏரி'க்குள் என் வரைபடம் இருந்தது. அதையும் எப்போதோ குழுவில் அனுப்பியிருக்கிறேன் என்பதே எனக்கு மறந்து போயிருந்தது. தொட்டேன். பக்கம் திறக்கவில்லை, அந்த வலைப்பூவே இப்போது இல்லை போலிருக்கிறது. என் முகம் போன போக்கைப் பார்த்து அவர் சொன்னார்: "இந்த மாதிரி தனி ஆளு நடத்துறதெல்லாம் திடீர்னு காணாமப் போய்டும்ணா. அதனால பக்கத்தையே சேவ் பண்ணி வெச்சிருக்கேன்." வைத்திருந்தார். வாய்க்கால் கோடு கோடாக, தெளிவாக, என் தெரு வழியாக ஓடியது.

அந்த நிமிடம் நன்றியில் கண் கலங்கியிருக்க வேண்டும். எனக்கு வந்தது பொறாமை, அதுவரை வந்ததிலேயே பெரியது. என் சொந்தப் பொருள்கள் என் வீட்டில் இருந்ததைவிடக் கூடுவாஞ்சேரியில் சௌகரியமாக இருந்திருக்கின்றன. இனிமேல் இந்த மனிதரைப் பிடிக்கவில்லை என்று சொல்லவும் வழியில்லை. இருந்த ஒரே சந்தோஷமும் போயிற்று. என் மனைவி உள்ளிருந்து பஜ்ஜித் தட்டோடு வந்து அவர் பக்கத்தில் வைத்தாள். நான் எட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சங்கச் செயலாளர் வீட்டுக் கார் நிறுத்துமிடத்தில் வெள்ளைச் சுவரில் புரொஜெக்டர் வைத்து வரைபடத்தைப் போட்டுக் காட்டினோம். நான் பேச ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே யாரும் என்னைக் கவனிக்கவில்லை. எல்லோரும் சுவரருகே போய்த் தங்கள் வீடு எங்கே வருகிறது என்று விரல் வைத்துத் தேடினார்கள். செயலாளர் வீடு வாய்க்காலின் நட்டநடுவில் வந்தது. அவர் சற்று நேரம் தன் வீட்டு வாசற்படியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மனுவில் முதல் கையெழுத்து போட்டார். என் மானம் தப்பியது. பேச்சின் முடிவில், இதைப் பாதுகாத்து வைத்தவர் என் சகலை என்று சொன்னேன். மனசே இல்லாமல்தான், ஆனாலும் சொல்லிவிட்டேன்.

கூட்டம் கலைந்து சுண்டல் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, கொஞ்சம் பெருமையோடு அவரைக் கேட்டேன், நான் அனுப்பியதில் எது ரொம்பப் பிடித்தது என்று.

"நான் எதையும் படிக்கலண்ணா," என்றார், கொஞ்சம் கூச்சத்தோடு. "நீங்க படிச்சுப் பார்த்து நல்லதாத்தானே அனுப்புவீங்க. தொலைஞ்சிடக் கூடாதேன்னு எடுத்து வெச்சேன்."

அவர் அப்படி உண்மையைச் சொன்ன பிறகு நான் மட்டும் எப்படி மறைக்க? தலைப்பைப் பார்த்துத்தான் அனுப்புவேன், பாதிக்கு மேல் நானும் படித்ததில்லை என்று சொல்லிவிட்டேன். முதல் தடவையாக அந்த மனிதர் வாய்விட்டுச் சிரித்தார். சுண்டல் புரையேறியது. நான் அவர் தலையில் தட்டினேன், தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகவே.

இப்போது என் ஃபைலும் மாதம் ஒரு முறை அவருடைய கண்ணாடி உறைக்குப் போய்ச் சேருகிறது. பொறாமை அப்படியே இருக்கிறது. ஆனால் தினமும் காலையில் ஒரு சுட்டியை அனுப்பிவிட்டு அந்தக் கட்டைவிரலுக்காகக் காத்திருக்கும்போது, நான் அலட்சியமாகத் தூக்கிப் போடுவதைக்கூட ஒருவர் குனிந்து எடுத்து வைக்கிறார் என்ற எண்ணம் வரும். கட்டைவிரல் வந்த பிறகுதான் எனக்குக் காபி இறங்குகிறது.

சுண்டல் நேரத்துப் பேச்சையும் இந்த எண்ணத்தையும் அன்று கூட்டம் முடிந்து வீட்டுக்கு நடந்து வரும் வழியிலேயே, இன்னும் உருக்கமாக, என் மனைவியிடம் சொன்னேன். அவள் புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தேங்கியிருந்த தண்ணீரைத் தாண்டிவிட்டுச் சொன்னாள்:

"ஆக, ரெண்டு பேரும் படிக்காததை ரெண்டு ஊர்ல பத்திரமா வெச்சிருக்கீங்க."