ஹாட்ரிக் நிலத்துத் தண்ணீர்த் தொட்டி

ஃபிளிண்டர்ஸ் மலைத்தொடரில் பல நாள் நடை போகிறவர்கள் கிளம்புவதற்கு முன்னால் நெரிடா பாஸ்கோவுக்குப் போன் பண்ணுவார்கள். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். ஐம்பது கடந்தவள், விதவை. விடுமுறை விட்டால் முதுகுப்பையை மாட்டிக்கொண்டு தனியாக மலைக்குப் போய்விடுவாள். எந்த ஓடையில் மணலைத் தோண்டினால் ஈரம் வரும், எந்தத் தொட்டியில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. தொட்டியைக் கீழிருந்து மேலாக விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போவாள். தண்ணீர் இருக்கும் வரை சத்தம் மொத்தென்று விழும், அதற்கு மேல் கணீரென்று கேட்கும். வானிலை அறிக்கையை நம்பாத எங்கள் நடைக்குழு அவளை நம்பியது.

அந்த அக்டோபரில், வசந்தம் முடியும் முன்னாலேயே, வெயில் வந்துவிட்டது. கிளெம் ஹாட்ரிக் என்கிற ஆட்டுப் பண்ணைக்காரரின் நிலத்தில், நடைபாதையை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. அதன் கூரையிலிருந்து வழிகிற மழைநீரைப் பிடிக்கப் பக்கத்திலேயே ஒரு தொட்டி. நெரிடா அங்கே போய்ச் சேர்ந்தபோது பாதித் தொட்டி தண்ணீர் இருந்தது. புட்டிகளை நிரப்பிக்கொண்டு குழாயை மூடினாள். முழுதாக மூடவில்லை, சொட்டியது. மறுபடி திருகினாள். அப்போதும் சொட்டியது. கைப்பிடியை இழுத்துக் கட்டினால் நின்றுவிடும் என்று அவளுக்குத் தெரியும். கயிறு பையின் அடியில் இருந்தது. பையைக் கட்டி முதுகில் ஏற்றியாயிற்று, கால் மூட்டு வேறு வலித்தது. அடுத்து வருகிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று நடந்துவிட்டாள்.

ஊர் திரும்பியதும் மெர்வின் கூப்பிட்டார். ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவரும் மனைவி டல்சியும் அதே வழியில் போவதாக இருந்தார்கள். கொட்டகையில் பாதித் தொட்டி இருக்கிறது, சுமை வேண்டாம், அதுவரைக்கும் வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள் நெரிடா. சொட்டுகிற குழாயைப் பற்றி வாய் திறக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து அவர்கள் போனபோது தொட்டி காலி. தட்டிய இடமெல்லாம் கணீரென்றது. ஓடை காய்ந்து கிடந்தது, அடுத்த தொட்டிக்கு ஒரு முழு நாள் நடை. புட்டியின் அடியில் கிடந்ததை மெர்வின் டல்சிக்குக் கொடுத்துவிட்டு, அவளைக் கொட்டகை நிழலில் படுக்க வைத்து, கையிலிருந்த அவசர அழைப்புக் கருவியை அழுத்தினார். ஹெலிகாப்டர் வந்து இறங்கியபோது டல்சி அவரை அடையாளம் தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். உயிர் பிழைத்தாள். ஆனால் சிறுநீரகம் கெட்டு, வாரக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள்.

பாதித் தொட்டி எங்கே போனது? எங்கள் கூட்டத்தில் எல்லோர் வாயிலும் ஒரே பெயர்தான். முந்தைய வருஷம் யாரோ நடைக்காரர்கள் கேட்டைத் திறந்துபோட்டுப் போய், கிளெமின் ஆடுகள் பக்கத்துப் பண்ணைக்குள் கலந்துவிட்டன. அன்றைக்கு அவர் கத்திய கத்தலை யாரும் மறக்கவில்லை. கிழவன்தான் குழாயைத் திறந்து விட்டிருக்கிறான் என்று பேசினார்கள். நானும் தலையாட்டினேன். நெரிடா தேநீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல், ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்திருந்தாள். அதற்குப் பிறகு மதுக்கடையில் கிளெம் நின்ற பக்கம் யாரும் நிற்கவில்லை.

பஸ்ஸில் பிள்ளைகள் தண்ணீர்ப் புட்டியைத் திறக்கும் சத்தம் கேட்டாலே நெரிடா பின்னால் காட்டும் கண்ணாடியிலிருந்து பார்வையைத் திருப்பிக்கொள்வாள். ஒரு சனிக்கிழமை காரை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனாள். சுற்றிலும் தரை வெந்து கிடக்க, குழாயடியிலிருந்து மட்டும் ஒரு முழ அகலத்துக்குப் புல் முளைத்து, சரிவு வரைக்கும் ஓடி, மேய்ந்த தடத்தோடு பழுத்துக் கிடந்தது. அதைப் பார்த்தபடி நின்றவள், கிளெமின் வண்டி வந்ததைக் கவனிக்கவில்லை.

வண்டியின் பின்னால் தண்ணீர் டாங்க் இருந்தது. தன் வீட்டுத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்ற வந்திருந்தார்.

"புல்லைத்தான் பாக்கிறியா? எங்க ஆடுங்களுக்கு நல்ல விருந்து," என்றார்.

"குழாய் சொட்டினதை நான் பாத்தேன் கிளெம். பாத்துட்டு அப்படியே விட்டுட்டுப் போனேன். நான்தான்."

அவர் குழாய்க் கைப்பிடியை ஆட்டிப் பார்த்தார்.

"இதை என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? நான் செய்யலன்னு எனக்குத்தான் முன்னாலயே தெரியுமே," என்றார். பிறகு ரப்பர் குழாயை டாங்கில் மாட்டத் தொடங்கினார். அவள் உதவக் கை நீட்டினாள். அவர் வேண்டாமென்று சொல்லவில்லை, நன்றியும் சொல்லவில்லை.

அங்கிருந்து நேரே டல்சி வீட்டுக்குப் போனாள். டல்சி வற்றிப்போய், போர்வை போர்த்தி உட்கார்ந்திருந்தாள். நெரிடா எதையும் குறைக்காமல் சொன்னாள்.

"சொட்டுறது உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"கட்டுறதுக்குக் கயிறு இருந்துச்சா?"

"பையில இருந்துச்சு."

டல்சி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "நீ இப்ப கிளம்பு," என்றாள்.

மெர்வின் கார் வரைக்கும் வந்தார். திட்டப்போகிறார் என்று அவள் நினைத்தாள், திட்டினால் தேவலை என்றும் இருந்தது. அவரோ கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். "இன்னும் ரெண்டு புட்டி கூட எடுத்துக்கலாம்னு அவ சொன்னா. நெரிடா பாத்துட்டு வந்திருக்கா, அது போதும்னு நான்தான் அடக்கினேன். இத்தனை நாளா தூக்கமே இல்ல." தன் குற்றத்தை இந்த மனிதரும் சேர்த்துச் சுமந்திருக்கிறார் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. நிம்மதியைத் தேடிப் போனவள், போனதைவிடக் கனத்துத் திரும்பினாள்.

அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னாள். சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒரு பெண், "இவ்வளவு நாள் அந்த ஆளை நாங்க திட்டறதைக் கேட்டுக்கிட்டுத்தானே இருந்த?" என்று கேட்டாள். நெரிடா ஆமாம் என்றாள். நாங்கள் நாலைந்து பேர் கிளெம் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டோம். அவர் உள்ளே கூப்பிடவில்லை. கேட்டைச் சாத்திவிட்டுப் போகும்படி மட்டும் சொன்னார்.

அடுத்த குளிர்காலம் முடியும் வரைக்கும் டல்சி நெரிடாவோடு பேசவில்லை. நெரிடாவுக்கு வரும் போன்களும் குறைந்துவிட்டன. கூப்பிடுகிறவர்களிடம், பார்த்த நாளைச் சொல்லி, அன்றைக்கு இருந்தது, இன்றைக்கு இருக்குமென்று நம்ப வேண்டாம், கூட எடுத்துக்கொள்ளுங்கள் என்று முடித்துவிடுவாள். அவளே இப்போது இரண்டு மடங்கு தண்ணீர் சுமந்து நடக்கிறாள். வழியில் எதிர்ப்படுகிற யாருக்காவது தேவைப்பட்டால் ஊற்றிக் கொடுக்கிறாள்.

வசந்தம் தொடங்கியபோது டல்சி கூப்பிட்டாள். மெர்வினோடு ஒரே ஒரு நாள், சின்ன நடைக்கு டாக்டர் சரி என்றுவிட்டாராம். பள்ளத்தாக்குத் தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டாள். குரலில் பழைய சிநேகம் இல்லை.

"பாத்து ரெண்டு வாரம் ஆச்சு. இப்ப தெரியாது, டல்சி."

"அப்ப போய்ப் பாரு," என்று டல்சி போனை வைத்துவிட்டாள்.

வெளியே தூறிக்கொண்டிருந்தது. நெரிடா மறுநாள் வரை காத்திருக்கவில்லை.