இருநூறு மீட்டர் வெறுங்கால்

டில்லிபாபுவுக்கு வயசு ஐம்பத்து நாலு. இருங்காட்டுக்கோட்டைக்கு ஷிப்டு ஆளுங்களை ஏத்திக்கிட்டுப் போற கம்பெனி பஸ்ஸை இருபத்திரண்டு வருஷமா ஓட்டுறான். ஒரு நாய்க்குட்டிகூட இதுவரைக்கும் அவன் டயர்ல மாட்டினதில்லை. ரோட்டுக்குக் குறுக்கே எருமை நின்னா, அது யோசிச்சு முடிக்கிற வரைக்கும் ஹாரன் அடிக்காம காத்திருப்பான். அப்படிப்பட்டவனுக்குத்தான் போன ஆடி மாசம் வேலைக்கே உலை வைக்கிற மாதிரி ஒரு நோட்டீஸ் வந்தது.

காரணம் அவன் கால்.

எங்க காலனியில எடுக்கிற பஸ், பிள்ளையார் கோயில்ல திரும்பி, ஊர்த் தெரு வழியா போய், பால் சொசைட்டி தாண்டி மெயின் ரோடு ஏறணும். கோயிலுக்கும் சொசைட்டிக்கும் நடுவுல இருநூறு மீட்டர் இருக்கும். அந்த இருநூறு மீட்டரை மட்டும் டில்லிபாபு வெறுங்காலோடதான் ஓட்டுவான். முன்னே செருப்பு. காலாலேயே ஓரமாத் தள்ளிடுவான், ஒருத்தருக்கும் தெரியாது. போன வருஷம் கம்பெனி கயிறு கட்டுற சேஃப்டி ஷூ கொடுத்தது. அதுலேர்ந்து கோயில்கிட்ட வண்டியை நிறுத்தி, குனிஞ்சு, முடிச்சு அவுத்து, ஷூவைக் கழட்டி வெச்சுட்டுத்தான் கியர் போடுவான். சொசைட்டிகிட்ட மறுபடியும் நிறுத்தி மாட்டுவான்.

பஸ்ல வர்றவங்க அவனைப் பெரிய பக்திமான்னு நினைச்சாங்க. ஒடிசாக்காரங்க நாலு பேர், ரொம்ப சக்தியுள்ள பிள்ளையார் போலன்னு அவங்களும் ஷூவைக் கழட்ட ஆரம்பிச்சாங்க. எட்டு மணி நேரம் போட்டிருந்த ஷூ அது. திரும்பி வர்ற டிரிப்புல பஸ்ஸுக்குள்ள அடிச்ச நாத்தத்துக்குப் பிள்ளையாரே எழுந்து போயிருப்பார்.

விஷயம் பிள்ளையார் இல்லை. டில்லிபாபுவோட அப்பா அந்தத் தெருவுல பெரிய வூட்டுக்குப் படியாள். நெல்லைப் படியால அளந்து கொடுப்பாங்க. அதை வாங்கிக்கிட்டு அப்பன், புள்ளை, பேரன்னு ஒரே வூட்டுக்கு உழைக்கணும். வேணாம்னு கிளம்பிப் போற வழக்கம் கிடையாது. அந்தத் தெருவுல நுழைஞ்சா செருப்பு காலுக்கு இல்லை, கையிலயோ அக்குள்லயோதான். டில்லிபாபு ஆறு வயசுலேர்ந்து அப்பாவோட அப்படித்தான் நடந்தான். பின்னால கேஸு, போராட்டம் எல்லாம் வந்து அந்தக் கட்டு ஒழிஞ்சு முப்பது வருஷம் ஆகுது. டில்லிபாபுவோட காலுக்கு மட்டும் யாரும் போய்ச் சொல்லலை.

நான் ஒண்ணும் பெரிய வீரன் இல்லை. எங்க அப்பனும் அதே வூட்டுப் படியாள்தான். நான் செருப்பு போட்டுக்கிட்டுத்தான் அந்தத் தெருவுல போறேன். சத்தம் வராம போறேன், அவ்வளவுதான்.

டிரைவர் சீட்டுக்கு மேல புதுசா கேமரா வெச்சாங்க. பத்தே நாள்ல சேஃப்டி ஆபீசர் வனமாமலை டில்லிபாபுவைக் கூப்பிட்டார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்.

"என்ன அண்ணாச்சி இது? தினம் ரெண்டு வாட்டி, அதே இடத்துல ஷூவ கழட்டுதீய. வெறுங்காலோட பிரேக் மிதிச்சு வழுக்கினா நாப்பது உசுருல்லா? சனிக்கிழமைக்குள்ள காரணம் எழுதிக் குடுங்க. இல்லைன்னா டிரைவர் பேட்ஜை வாங்கிட்டு வேலைய விட்டு அனுப்பச் சொல்லி மேல இருந்து உத்தரவு."

அன்னைக்கு சாயங்காலம் டில்லிபாபு வூட்டுல கூடினோம். அவன் பொண்ணு பிரவீனா, ஒரகடத்துல குவாலிட்டி செக்கிங்குல இருக்கா. அண்ணன் மவன் அன்பு, எந்தக் கூட்டம் நடந்தாலும் மைக்கைப் பிடிக்கிறவன். அதே காண்ட்ராக்டருக்கு மாத்து டிரைவரா ஓட்டுற நான்.

"கால்ல ஆணின்னு எழுதிடு" என்றேன். "டாக்டரு சீட்டு நான் வாங்கித் தரேன்."

"வேண்டுதல்னு எழுதினா இன்னா?" என்றான் டில்லிபாபு. "சாமி விஷயம்னா கம்பெனில கேக்க மாட்டாங்க."

"அப்பா, உன்னை செருப்பு கழட்டச் சொன்னது சாமியா?" என்றாள் பிரவீனா. "தாத்தா அடிமையா இருந்தாரு, அந்தப் பழக்கம்னு எழுது. நடந்தது அதானே."

அன்பு எழுந்து நின்னுட்டான். எதிர்ல மைக் இல்லாததுதான் குறை. "அடிமைன்னு எழுதாத சித்தப்பா. நாம இந்த மண்ணை ஆண்டவங்க. கம்பெனி குரூப்புல போட்டானுங்கன்னா நம்ம மானம் இன்னாவும்?"

"மண்ணை ஆண்டவரு எதுக்குடா செருப்ப அக்குள்ல வெச்சிக்கினு நடந்தாரு?" என்றாள் பிரவீனா.

"அவனுங்க நம்மள அடிமை ஆக்கினானுங்க, பிரவீனா. நீ 'அடிமையா இருந்தோம்'னு எழுதினா, ஆக்கினவன் பேரு எங்க வருது?"

"அப்போ அவங்க பேரையும் சேத்து எழுதலாம். யாரு வேணாம்னது?"

ஒன்பது மணி வரைக்கும் ஓடுச்சு. ரெண்டு பேர் சொல்றதும் நியாயமாத்தான் பட்டுது. எனக்குப் பசி.

"வேலை போவப்போறது எனக்கு" என்றான் டில்லிபாபு. "பட்டிமன்றம் உங்களுக்கு."

பிரவீனாவோட பழைய நோட்டுலேர்ந்து ஒரு தாளைக் கிழிச்சு அவனே எழுதினான். எட்டாங்கிளாஸ் கையெழுத்து. வாயை அசைச்சுக்கிட்டே எழுதினது இதுதான்:

"ஐயா, எங்கப்பா அந்தத் தெருவில் படியாள். அவர் செருப்பு போடக்கூடாது என்று வைத்திருந்தார்கள். நான் போடலாம். என்னை யாரும் கேட்பதில்லை. கால்தான் கேட்கிறது. ஒரு வாரம் டைம் கொடுங்கள்."

வனமாமலை அதை ரெண்டு தடவை படிச்சார். அப்புறம் ஃபேனைப் பார்த்துக்கிட்டே சொன்னார். "எங்க ஊர்லயும் இது உண்டு அண்ணாச்சி."

"நீங்க எந்தப் பக்கம் சார்?"

"செருப்பு போட்டு நடந்த பக்கம்" என்றார். பேனா மூடியைத் திருகினார். "ஆறு நாள் கேமராவப் பாப்பேன். ஷூ கால்ல இருந்தா ஃபைலை மூடிருதேன். இல்லைன்னா என் கையில ஒண்ணுமில்ல."

திங்கக்கிழமை காலையில பக்கத்து சீட்டுல என்னை உட்கார வெச்சாங்க. அவனால முடியலைன்னா நான் ஓட்டணும். கோயில் வந்தது. டில்லிபாபு வண்டியை நிறுத்தினான். கை தானா கீழே போய்க் கயிறைப் பிடிச்சுக்கிச்சு.

"உடுறா கைய" என்றேன்.

"நீ சும்மா கீறியா?"

ஃபர்ஸ்ட் கியர்ல நகர்ந்தான். எங்களைத் தாண்டி ஒரு கோழி போச்சு. பின்னாடி, பஞ்ச் அடிக்க நேரமாச்சுன்னு நாலு பாஷையில திட்டினாங்க. டில்லிபாபு கழுத்துல வேர்வை வழிஞ்சுது.

பெரிய வூட்டு வாசல்ல பாண்டுரங்கன் பல் தேய்ச்சுக்கிட்டு நின்னார். அவங்க அப்பாகிட்டதான் எங்க அப்பனுங்க படியாளா இருந்தது. இப்போ நிலமெல்லாம் ஷெட்டாயிடுச்சு. மாட்டுக் கொட்டாயை ரூம் கட்டி பீகார்காரங்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கார். வண்டி ஊர்றதைப் பார்த்துக் கிட்ட வந்தார்.

"இன்னா டில்லி, வண்டி ரிப்பேரா?"

டில்லிபாபு வாய்ல 'ஆண்டே' வந்து நின்னுச்சு. எஜமானைக் கூப்பிட எங்க ஆளுங்க வெச்சிருந்த சொல் அது. முழுங்கிட்டான்.

"இல்ல சார். ஷூ போட்டுக்கினு ஓட்டுறேன்."

பாண்டுரங்கனுக்கு ஒண்ணும் புரியலை. "ஏன், இதுக்கு முன்னே போடாமயா ஓட்டின?"

"இருபத்திரண்டு வருஷமா, இந்தத் தெருவுல."

"அடப்பாவி, பஸ்ஸுக்குள்ள உன் காலு எனக்கு எங்கேர்ந்து தெரியும்?" என்று துப்பிட்டு, நுரையோட உள்ளே போயிட்டார்.

சொசைட்டியைத் தாண்டி டில்லிபாபு மெயின் ரோட்டுல ஏத்தினான். டாப் கியர் போட்டுக்கிட்டே சொன்னான்.

"அவரு பாக்கவேயில்லடா."

"நல்லதுதானே?"

"இன்னா நல்லது? எங்கப்பன் கழட்டினப்போ திண்ணையில உக்காந்து உத்துப் பாத்தாங்க. நான் கழட்டினத ஒருத்தனும் பாக்கல. எவன் கேட்டான்னு நான் கழட்டினேன்?"

எனக்கு சிரிக்கிறதா வேணாமான்னு தெரியலை. பாதி சிரிச்சேன். அவனும் மீதியைச் சிரிச்சான், ஆனா முகம் நல்லா இல்லை.

செவ்வாய்க்கிழமை செகண்ட் கியர். புதன்கிழமை நிறுத்தாம திரும்பினான். அப்புறம் என்னைப் பக்கத்து சீட்டுலேர்ந்து இறக்கிட்டாங்க.

சனிக்கிழமை வனமாமலை கூப்பிட்டார், துணைக்கு நானும் போனேன். "ஷூ ஃபைலை மூடியாச்சு அண்ணாச்சி" என்று அதை ஓரமாத் தள்ளி வெச்சார். கூடவே இன்னொரு தாளை டில்லிபாபு பக்கம் தள்ளினார். வெள்ளிக்கிழமை ஊர்த் தெருவுல, ஸ்பீடு பிரேக்கர் மேல நாப்பது கிலோமீட்டர் வேகத்துல ஏத்தினதுக்கு நோட்டீஸ். பின் சீட்டுல ரெண்டு பேருக்கு மண்டை இடிச்சிருக்கு.

"இதுக்கும் காரணம் எழுதணும்லா."

டில்லிபாபு வூட்டுக்கு எடுத்துட்டு வரலை. பிரவீனாவைக் கேக்கலை, அன்புவைக் கேக்கலை. அங்கேயே மேஜை மேல குனிஞ்சு ஒரே வரி எழுதினான்.

"தப்பு என்னுது. இனிமே மெதுவா போறேன்."

வாழ்க்கையில முதல் தடவையா அவன் முகம் மலர்ந்து மன்னிப்பு கேட்டதை நான் அன்னைக்குத்தான் பார்த்தேன்.