மயில்கழுத்துக் கார்

எங்கள் அத்தைக்கு மாப்பிள்ளை அமைந்ததும் தெருவே அவரைக் 'கார்க்கார மாப்பிள்ளை' என்றுதான் சொன்னது. அவருக்கும் பெயர் இருந்தது, படிப்பு இருந்தது, திருநெல்வேலியில் மருந்துக்கடை இருந்தது. அதெல்லாம் யாருக்கு வேண்டும்? சொந்தமாகக் கார் வைத்திருக்கிற வீட்டில் நம்மிடம் பெண் கேட்டிருக்கிறார்கள் என்று, பத்திரிகை வைக்கப்போன இடங்களில் எல்லாம், பாயில் உட்காருவதற்கு முன்பே அப்பா சொல்லிவிடுவார். எனக்கு அப்போது இரண்டாம் வகுப்பு. எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழகியிருந்த புதுசு. தீப்பெட்டியில் இருந்து கோயில் சுவர் வரை கண்ணில் பட்டதையெல்லாம் சத்தமாக வாசித்து எல்லோர் உயிரையும் வாங்கிக்கொண்டிருந்தேன்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் கார் சங்கரன்கோவிலுக்கு வந்தது. நீலமா பச்சையா என்று கேட்டால் சொல்ல முடியாது. நிழலில் ஒன்றாகத் தெரியும், வெயிலில் வேறொன்றாகத் தெரியும். எங்கள் ஊர் தறி ஊர். எந்த நிறத்துக்கும் சேலையின் பெயரைத்தான் வைப்போம். கார் மயில்கழுத்து என்று பார்த்த நிமிஷமே முடிவாகிவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் சத்திரத்தில் இறங்கிக்கொண்டு, சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு வரைக்கும் காரை உங்கள் வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று டிரைவரோடு அனுப்பிவைத்தார்கள். அந்தப் பெருந்தன்மைதான் வினையாக வந்தது.

சித்தப்பா பட்டாளத்தில் லாரி ஓட்டியவர். சண்டை முடிந்து ஊர் திரும்பிய பிறகு அவர் கைக்கு ஒரு ஸ்டீயரிங்கும் அகப்படவில்லை. டிரைவர் சாப்பிட்டுவிட்டுக் கண் அயர்ந்த நேரம் பார்த்து, வாழையிலை எடுத்து வருகிறேன் என்று காரைக் கிளப்பிக்கொண்டு போனார். இலை வந்தது. கூடவே பின்கதவில் ஒரு முழ நீளத்துக்குக் கீறலும் வந்தது. இளையரசனேந்தல் பக்கமிருந்து பருத்தி ஏற்றிவந்த மாட்டுவண்டி ஒன்று, சந்தில் ஒதுங்க இடமில்லாமல் அச்சு முனையால் உரசிவிட்டதாம். காரை வாசலுக்குக் கொண்டுவராமல் எங்கள் வீட்டுப் பின்பக்கத்தில் நிறுத்திவிட்டு, சித்தப்பா அப்பாவை மட்டும் கண்ஜாடை காட்டிக் கூப்பிட்டார். வால்போல நானும் போனேன்.

"ஏலே, பொண்ணு ஏறிப்போற வண்டில்லா இது! சம்பந்தி கண்ணுல பட்டா அப்படியே திரும்பிப் போயிருவாரே!" என்றார் அப்பா.

அப்பா சொன்னது மிகையில்லை. மாப்பிள்ளையின் தகப்பனார் பல்லி சத்தம் போட்டால்கூட பயணத்தைத் தள்ளிப்போடுகிறவர். நிச்சயதார்த்தத்தன்று காற்றில் விளக்கு அணைந்ததற்கே தாம்பூலத்தைத் தொடாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பக்கத்துத் தெருவில் கல்யாணம் நின்றுபோன அக்கா ஒருத்தி இருந்தாள். அவள் தண்ணீருக்குக்கூட வெளியே வரமாட்டாள். அத்தையும் அப்படி ஆகிவிடுவாளோ என்று பயந்தேன்.

காருக்கு அடிக்கிற பெயிண்ட் மதுரையிலோ திருநெல்வேலியிலோதான் கிடைக்கும். போய்வர நேரமில்லை. இரும்புக்கடையில் காவியும், கதவுக்கு அடிக்கிற பச்சையும், மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு அடிக்கிற நீலமும், வெள்ளையும்தான் இருந்தன. சித்தப்பா எல்லாவற்றையும் வாங்கிவந்தார். கலப்பது யார்? எங்கள் ஊரில் நிறம் என்றால் ஒரே ஆள்தான். பின்வீட்டுச் சாயப்பட்டறை அண்ணாச்சியை வாய் திறப்பதில்லை என்று சத்தியம் வாங்கிக்கொண்டு அழைத்துவந்தார்கள்.

அவர் சாயநூல் கண்டுகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, ஒவ்வொன்றாகக் கதவில் வைத்துப் பார்த்தார். ஒரு நூலை வாயில் வைத்து ஈரமாக்கி மறுபடி வைத்தார். பிறகு பச்சையில் நீலத்தை விட்டுக் கிளறி, கீறலின் மேல் பட்டையாக இழுத்தார்.

"கொஞ்சம் கருப்பா தெரியுதே அண்ணாச்சி" என்றார் சித்தப்பா.

"காயும்போது வெளிறும்லா? அதுக்குத்தான் ஒரு பிடி கூட்டி வச்சிருக்கேன். பொறுத்துப் பாரும்."

பொறுத்தோம். அப்பா நிமிஷத்துக்கு ஒருதரம் சூரியனைப் பார்த்தார். டிரைவர் எழுந்துவிடாமல் இருக்க வேண்டுமே என்று நான் சங்கரலிங்க சாமிக்குத் தேங்காய் நேர்ந்துகொண்டேன். வெயிலில் பட்டை காய்ந்தது. ஆனால் வெளிறவில்லை. மயில்கழுத்துக் கதவில் யாரோ கண்மையை இழுகிவிட்டது போல இருந்தது.

"இது நூலு இல்ல அண்ணாச்சி, இரும்பு!" என்று சித்தப்பா தலையில் அடித்துக்கொண்டார்.

"அப்ப கொல்லுப்பட்டறைக்குல்லா போயிருக்கணும்? என்னைய எதுக்குவே கூப்பிட்டீரு?" என்று அண்ணாச்சி திருப்பிக் கேட்டார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது.

அடித்ததை எடுத்துவிட்டு மறுபடி அடிப்பதைத் தவிர வழியில்லை. சித்தப்பா டர்பன்டைனை ஊற்றி, உப்புத்தாளை வைத்துத் தேய்த்தார். பயத்தில் கைக்கு நிதானம் போய்விட்டது. புதுப் பெயிண்டோடு பழைய பெயிண்டும் சேர்ந்து உரிந்தது. அடியில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. எழுத்து! விடுவேனா?

"ட... கை. டகை!" என்று வாசித்தேன். "டகைன்னா என்ன சித்தப்பா?"

சித்தப்பா சட்டென்று உள்ளங்கையால் அதைப் பொத்தினார். அப்பா அந்தக் கையை விலக்கிப் பார்த்தார். அந்த இரண்டு எழுத்துக்கு முன்னால் 'வா' என்று ஒன்று இருந்தாக வேண்டும் என்பது அங்கே நின்ற பெரியவர்களுக்குப் புரிந்துவிட்டது. எனக்குத்தான் புரியவில்லை. அந்த நேரம் பார்த்து டிரைவரும் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து நின்றார். கீறலுக்குக் கோபப்படுவார் என்று பார்த்தால், கதவைப் பார்த்ததும் அவர் முகம்தான் வெளிறிப்போனது.

"மொதலாளி, எனக்கு ஒண்ணும் தெரியாது. கல்யாணம் முடியுற மட்டும் வேணும்னு பேசி, கலரு மாத்திக் கொண்டாந்திருக்காவ. என் பொழப்பக் கெடுத்துராதீங்க" என்று அப்பாவைக் கும்பிட்டார்.

சத்தம் கேட்டு அத்தை பின்வாசலுக்கு வந்திருந்தாள். மருதாணி காயாத கைகளைச் சேலையில் படாமல் தூக்கிப் பிடித்திருந்தாள். எட்டாவது வரை படித்தவள். கதவில் இருந்ததை மனதுக்குள் வாசித்துக்கொண்டாள்.

"தாயி, நீயே பாத்துக்கிட்ட. என்ன செய்ய? நிறுத்திருவோமா?" என்று அப்பா கேட்டார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாதிக் கதவு உரிந்து கிடக்கிறது, பொழுது சாய்கிறது, இப்போது போய் நிறுத்துவதா? சம்பந்தி பார்த்தால் என்ன ஆகும்? "நிறுத்தாதீங்கப்பா! நிறுத்தவே கூடாது!" என்று அப்பாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டு கத்தி அழுதேன்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அண்ணாச்சிதான் முதலில் வாயைத் திறந்தார். "பச்சப்பிள்ள வாயில வந்துட்டு. இனி பேச என்னவே இருக்கு?" அப்பா மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அத்தை என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "மூடிருங்கண்ணே" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அதன்பிறகு வேலை மளமளவென்று நடந்தது. அண்ணாச்சி வெள்ளையைக் கூட்டிக் கலந்தார். டிரைவரே துணி பிடித்துத் துடைத்துக் கொடுத்தார். தூரிகைத் தடம் தெரியக் கூடாது என்று சித்தப்பா மூட்டைப்பூச்சி மருந்து அடிக்கிற கைப்பம்பில் பெயிண்டை ஊற்றிப் புகைபோல அடித்தார். டகை மெல்ல மெல்ல மறைந்தது. நன்றாகப் பார்க்கிறவர்களுக்குத் தெரியும்தான். ஆனால் சாயங்காலம் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் யார் கதவைப் பார்க்கிறார்கள்?

சம்பந்தி மட்டும் காருக்குப் பக்கத்தில் வந்து மூக்கை உறிஞ்சினார். "மூட்டைப்பூச்சி மருந்து வாடை அடிக்குதே?"

"கல்யாண வீடுல்லா, எல்லா இடத்துலயும் அடிச்சோம்" என்றார் அப்பா. இருவரும் சிரித்துக்கொண்டார்கள். அப்பா அந்தக் கதவை மறைத்து நின்றார். சம்பந்தியும், அப்பா அதைப் பார்த்துவிடக் கூடாது என்பது போலப் பக்கத்திலேயே நின்றார்.

மறுநாள் முகூர்த்தம் முடிந்து அத்தை அதே காரில் ஏறிப் போனாள். என்னால்தான் அத்தை கல்யாணம் நடந்தது என்று பள்ளிக்கூடத்தில் வெகுநாள் பீற்றிக்கொண்டு திரிந்தேன். பெயிண்ட் அடிப்பதை நிறுத்தவிடாமல் தடுத்ததைத்தான் சொன்னேன். அப்பா நிறுத்திருவோமா என்று கேட்டது பெயிண்டை அல்ல என்பது, என்னைப் பெண் பார்க்க வந்த அன்று, காபித் தட்டோடு நிற்கும்போதுதான் சுருக்கென்று உறைத்தது. அப்பா கேட்டபோது அத்தை ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். அதைப் பார்த்துக்கொண்டேதான் நான் கத்தினேன்.