கடைசி ட்யூனின் வேகம்

ரிச்சர்ட்ஸ் டவுனில் என்னை முகத்தால் அறிந்தவர்களைவிட விரலால் அறிந்தவர்கள் அதிகம். இருபத்தெட்டு வயதில் ஒரு கேசட் போட்டேன். பாட்டு கிடையாது, வெறும் கிடார்; கூட ஒரு நண்பன் டிரம்ஸ் என்ற பெயரில் எதையோ தட்டிக்கொண்டிருப்பான். எட்டு ட்யூன்கள். அது எப்படியோ கன்டோன்மென்ட் பக்கம் முழுக்கப் பரவி, கல்யாண ரிசப்ஷன்களில் சாப்பாட்டுக்கு முன்னால் போடுகிற கேசட் ஆகிவிட்டது. பிரியாணி வரும்வரை என்னைக் கேட்பார்கள். பிரியாணி வந்தபின் நான் வாசித்தாலும் ஒன்றுதான், மிக்ஸி ஓடினாலும் ஒன்றுதான். இதற்குத்தான் இப்போது கிளாசிக் என்று பெயர்.

கடைசி ட்யூனுக்கு மட்டும் தனி மரியாதை. அது வந்தால் தட்டைக் கையில் பிடித்தபடி நின்று கேட்பார்கள். அப்படியொரு வேகம். "கையா அது, மிஷினா?" என்று வாயைப் பிளப்பார்கள். அதைப் பதிவு செய்த கதையை நான் எத்தனையோ கல்யாணங்களில் சொல்லியிருக்கிறேன். எங்கள் மாதா கோவில் ஹாலில் ஏழு ட்யூன்கள் முடிந்ததும் கரண்ட் போய்விட்டது. வாடகைக்கு எடுத்த டேப் மிஷினை மறுநாள் திருப்பிக் கொடுக்க வேண்டும். நல்லவேளை, அது பேட்டரியிலும் ஓடும். நண்பனின் மாமா தன் அம்பாசடர் காரிலிருந்து பேட்டரியைக் கழற்றிக்கொண்டு வந்தார். நண்பன் டிரம்ஸை விட்டுவிட்டு ஹாலில் கிடந்த பழைய ஹார்மோனியத்தில் உட்கார்ந்தான். ஒரே டேக். நான் வாசித்து முடிக்கவும் பக்கத்தில் கோவிலில் ஆறு மணிக்கு மூவேளை ஜெபத்தின் மணி அடிக்கவும் சரியாக இருந்தது. கேசட்டின் கடைசியில் அந்த மணி கேட்கும். கடவுளே கையெழுத்துப் போட்ட மாதிரி என்று பங்குச் சாமியார் சொன்னார்.

கேசட்டில் அந்த ட்யூனின் சுருதி வழக்கத்தைவிடக் கொஞ்சம் மேலே நிற்கும். கூடவே வாசிக்க ஆசைப்பட்ட பையன்கள் கம்பியை முறுக்கி முறுக்கி அறுத்துக்கொண்டார்கள். ஹார்மோனியம் அப்படி, நான் அதோடு சேர்த்துக்கொண்டேன் என்று விளக்கம் சொன்னேன். ஹார்மோனியம் பிற்பாடு பழைய சாமான்காரனிடம் போய்விட்டது. மறுத்துப் பேச அது ஊரில் இல்லை.

ஊருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. அந்த ட்யூனை அந்த வேகத்தில் நான் மறுபடி வாசித்ததே இல்லை. முடியவில்லை. முதல்முறை கேசட்டைப் போட்டுக் கேட்டபோது எனக்கே ஆச்சரியம்தான். ஆனால் நீ நினைத்ததைவிடப் பெரிய ஆள் என்று ஒரு மிஷினே சொல்லும்போது, இருபத்தெட்டு வயதில் எவன் இல்லை என்பான்? பிறகு வாசித்துப் பார்த்தால் வேகம் வரவில்லை. பயிற்சி போதவில்லை என்றேன். கம்பியை மீட்டுகிற பிளெக்ட்ரம் சரியில்லை என்றேன். கம்பி, மழைக்காலம், ஆபீஸ் டென்ஷன், எல்லாவற்றின் மேலும் பழியைப் போட்டுப் பார்த்தேன். கை போய்விட்டது என்று மனசுக்குள் எழுதிக்கொண்டேன்.

அதே சமயத்தில்தான் கல்யாணம். என் மனைவி கோலார் தங்கவயல்காரி. கேசட்டைக் கேட்டுவிட்டுத்தான் சரி என்று சொன்னாளாம். கல்யாணமான வாரத்திலேயே, அந்தக் கடைசி ட்யூனை வாசித்துக் காட்டுங்கள் என்று எதிரே உட்கார்ந்தாள். வாசித்தேன். பாதியில் எனக்கே பொறுக்காமல் பிளெக்ட்ரத்தை ஜன்னலுக்கு வெளியே வீசினேன். "நல்லாத்தானே இருக்குது, இன்னாத்துக்கு நிறுத்திட்டீங்க?" என்றாள். ஆறுதல் சொல்கிறாளாம்! எனக்குச் சுர்ரென்று ஏறியது. இனிமேல் அதைக் கேட்காதே என்று கத்தினேன். அவளும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு கிறிஸ்துமஸ் விழா, கல்யாணம், ஆபீஸ் பிக்னிக் எங்கே கூப்பிட்டாலும் கைவலி என்று சொல்லிவிடுவேன். கைவலிக்காரன் கேரம் போர்டில் எல்லோரையும் ஜெயிக்கிறானே என்று ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. கலைஞன் என்றால் கொஞ்சம் கிறுக்கு இருக்கும் என்று விட்டுவிட்டார்கள்.

ரிடையர் ஆனேன். விரல் மூட்டுகள் தேய்கின்றன என்று டாக்டர் நிஜமாகவே சொல்லிவிட்டார். பொய்க் கைவலி அசல் கைவலி ஆனது. அந்தச் சமயம் பார்த்து ஈரோட்டுக்காரப் பெண் ஒருத்தி வீட்டுக்கு வந்து நின்றாள். பகலெல்லாம் ஐ.டி. கம்பெனி, மாலையில், எங்கள் பின்தெரு மாடி வீட்டில் சுவரெல்லாம் மெத்தையை அடித்து, ஸ்டூடியோ என்று வைத்திருந்தாள். பிரேசர் டவுனில் கூட வேலை செய்பவளின் கல்யாணத்தில் என் கேசட்டைக் கேட்டிருக்கிறாள்.

"சார், அது நீங்கதானுங்களா? பழைய பதிவுல ஒரே இரைச்சலுங்க. எட்டையும் புதுசா எடுத்துரலாமுங்க சார்."

வாய் "கைவலிம்மா" என்று ஆரம்பித்தது. மனசு கேட்கவில்லை. விரல் முழுக்க மடங்கிப்போவதற்குள் ஒரே ஒரு தடவை அந்த வேகத்தைத் தொட்டுவிட வேண்டும். வேறெதற்காகவும் இல்லை, அது ஒரு காலத்தில் என் கையில் இருந்தது என்று எனக்கே தெரிய வேண்டும். சரி என்றேன்.

"இத்தினி வருசம் வலிச்ச கை, பொம்பளப்புள்ள வந்து கேட்டதும் சரியாப்போச்சா?" என்றாள் மனைவி.

ஏழு ட்யூன்கள் சிக்கலில்லாமல் முடிந்தன. எட்டாவதில் மாட்டிக்கொண்டேன். அந்தப் பெண் பழைய வேகத்தை அளந்து கம்ப்யூட்டரில் டிக் டிக் என்று ஓடவிடுவாள். நான் அதன் பின்னால் மூச்சிறைக்க ஓடுவேன். நடுவில் விரல் பின்னிக்கொள்ளும். தினமும் இதே கூத்து. கோபத்தில் அவளைத் திட்ட முடியாமல் அவளுடைய மைக்கைத் திட்டினேன்.

"பரவாயில்லீங்க சார், துண்டு துண்டா வாசிங்க. நான் ஒட்டிக்கறனுங்க."

"ஒட்டறதுக்கு நான் என்ன கிழிஞ்ச நோட்டாம்மா?" என்று எரிந்து விழுந்தேன்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஆறு மணிக்குக் கோவில் மணி அடித்து ஓயும்வரை வேலையை நிறுத்திவைக்க வேண்டும். எங்கள் கோவிலில் இன்னும் கயிறு இழுத்துத்தான் மணி அடிக்கிறார்கள். ஒலிபெருக்கி வைக்கலாம் என்று பேச்சு வந்தபோதெல்லாம் பெரிசுகள் சண்டை போட்டுத் தடுத்திருக்கிறோம். மெத்தை அடித்த சுவரையும் தாண்டி அது மைக்கில் விழும். அன்றும் நிறுத்தினோம். மும்மூன்றாக அடித்து முடிந்தது. நான் சிலுவை போட்டுக்கொண்டு மூவேளை ஜெபத்தை முணுமுணுத்தேன். அவள் அந்த நேரத்தில், நான் எங்கே தடுமாறுகிறேன் என்று பார்க்கப் பழைய ட்யூனைப் போட்டாள். கிடார் பறந்தது, முடிந்தது, கடைசியில் கேசட்டின் மணி அடித்தது.

அது எங்கள் மணி இல்லை. எத்தனையோ கல்யாணத்தில் கேட்டிருக்கிறேன், ஒருநாளும் தோன்றவில்லை. நிஜ மணி காதில் இன்னும் இருக்கும்போது கேட்டதுதான் காரணம். கேசட்டு மணி கீச்சென்று இருந்தது, எங்கள் மணியின் சின்னத் தங்கை மாதிரி.

"வேற மணியா இருக்குமுங்க சார். இடையில மாத்தியிருப்பாங்க."

"மாத்தறதா? எனக்கு ஞானஸ்நானம் கொடுத்தன்னிக்கு அடிச்ச மணிம்மா அது!"

அவள் மறுநாள் ஜன்னலைத் திறந்து வைத்து மணியைப் பதிவு செய்தாள். இரண்டு மணிகளையும் கம்ப்யூட்டரில் அடுத்தடுத்து வைத்தாள். பழைய பதிவின் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வந்தாள். ஓரிடத்தில் இரண்டும் ஒரே மணியாகின. "சார்…" என்று இழுத்தாள். பிறகு அதே வேகத்தில் முழு ட்யூனையும் போட்டாள். ஹார்மோனியம் சரியான சுருதியில் வந்து உட்கார்ந்தது. பாவம், அதன் மேல் எவ்வளவு பழி போட்டிருக்கிறேன்! கிடாரும் இறங்கி வந்தது. பறக்கவில்லை. நிதானமாக, சில இடங்களில் கொஞ்சம் தாமதித்து, நடந்து போனது. என் கைக்குத் தெரிந்த வேகம் அது.

"பேட்டரி சார்ஜ் இறங்கிப்போயிருக்குமுங்க சார். மிஷின் மெதுவா ஓடியிருக்குது. மெதுவா ஓடுன டேப்ப அப்புறம் நல்ல கரண்ட்டுல போட்டா, எல்லாம் வேகமா, மேல் சுருதியில கேக்குமுங்க."

இதை ஒரு இன்ஜினியர் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. பேட்டரிக் கதையை ஊரெல்லாம் சொன்னவனே நான்தான். முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் கோபம் வந்தது. யார் மேல் கோபப்படுவது? போய்ச் சேர்ந்துவிட்ட மாமாவின் மேலா, அவருடைய அம்பாசடரின் மேலா? அப்புறம் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இல்லாத ஒன்றைத் தொலைத்துவிட்டேன் என்று வாழ்நாளெல்லாம் துக்கம் காத்திருக்கிறேன். அந்தப் பெண் பயந்துபோய் ஃபேனை வேகமாக வைத்தாள்.

மறுநாள் டிக் டிக்கை நிறுத்தச் சொல்லிவிட்டு வாசித்தேன். ஒரே டேக். "வேணும்னா வேகத்த மட்டும் ஏத்தி விட்டரலாமுங்க சார், யாருக்கும் தெரியாதுங்க," என்றாள். "ஒருதடவை தெரியாம ஏத்தினதுக்கே இந்தப் பாடு. வேண்டாம் தாயே," என்று கும்பிட்டேன்.

ஆல்பம் இன்டர்நெட்டில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோவில் வாசலில் என்னைச் சுற்றிக்கொண்டார்கள். சாவு வீட்டில் கையைப் பிடிப்பதுபோலப் பிடித்தார்கள்.

"சூப்பர் அங்கிள். வயசுக்கு இவ்ளோ வாசிக்கிறதே பெருசு."

"வயசில்லப்பா, அப்பவும் இதே வேகம்தான். அந்தக் கார் பேட்டரி…"

"ஹௌதா அங்கிள்?" என்றான் ஒருவன், கன்னடத்தில், அப்படியா என்று. பக்கத்திலிருந்தவனைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினான். "பேட்டரி எல்லாருக்கும்தான் அங்கிள் இறங்குது. பேஜாராவாதீங்க."

முடியாத காலத்தில் கைவலி என்று பொய் சொன்னேன், ஊர் நம்பியது. உண்மையைச் சொன்னால் கிழவன் சாக்குச் சொல்கிறான் என்கிறது. வீட்டுக்கு வரும்வரை பொருமிக்கொண்டே வந்தேன். மனைவி மட்டனை நறுக்கிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். முடித்ததும் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"எங்க, வாசிங்க பாக்கலாம்."

கல்யாணமான வாரத்துக்குப் பிறகு இப்போதுதான் கேட்கிறாள். கிடாரை எடுத்தேன். பாதியில் நிறுத்தாமல் கடைசிவரை வாசித்தேன். மூட்டு வலித்தது. அவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அன்னிக்கும் இதேதான் வாசிச்சீங்க," என்றாள். "நல்லாருக்குதுன்னு சொன்னேன். நீங்க டேப்ப நம்புனீங்க, என்னை நம்பல."