குன்னத்தூர்க் கட்டத்தில் பெய்த சாரல்

ஆடி இருபது, செவ்வாய். காலை 7.40.

திருப்பூர் புதிய பேருந்து நிலையத்திலிருந்து குன்னத்தூர் வண்டி கிளம்பியது. வெளுக்காத பனியன் துணியின் நிறத்தில் மேகம். பெருமாநல்லூர் தாண்டியதும் கட்டடங்கள் குறைந்தன. காற்றில் பனைகள் ஒரே பக்கமாகச் சாய்ந்து, எதையோ கேட்பதுபோல் நின்றன.

கணினியில் கொங்கு வட்டாரத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் வரும் மழையைக் கணிக்கும் குழு ஒன்றில் வேலை செய்கிறேன். ஊர்க்காரர்கள் எழுதி அனுப்பும் மழை அளவுகளைச் சரிபார்ப்பது என் பொறுப்பு. குன்னத்தூர்க் கட்டத்தில் மட்டும் இரண்டும் ஒத்துவரவில்லை. ஆனி முழுவதும் கணினி சிறுமழை காட்டுகிறது. அங்கிருந்து வரும் மழை நோட்டிலோ வெறும் பூஜ்யங்கள்.

சுருட்டி வைத்திருந்த வரைபடத்தைப் பார்த்து நடத்துனர் கேட்டார்: "என்னங்க, பொண்ணு ஜாதகமுங்களா?"

"மழையோட ஜாதகம்."

"அதுக்கும் செவ்வா தோசந்தானுங்க!"

9.05. நோட்டு எழுதும் சரஸ்வதி தோட்டத்தில் காத்திருந்தார். என் வயதுதான் இருக்கும். ஒன்றரை ஏக்கர் மானாவாரி, வற்றிய கிணறு, இரண்டு மாடுகள். வரப்பில் வாய் அவிழ்த்த விதைச்சோள மூட்டை. அடுத்த பத்து நாளில் போதுமான மழை உண்டு, விதைக்கலாம் என்று எங்கள் குழு செய்தி அனுப்பியிருந்தது.

"இந்த ஒரு மூட்டைதானுங்க. மொளச்சுக் காஞ்சுபோச்சுன்னா தீவனத்துக்கு வழியில்லீங்க, மாட்ட யாவாரிக்குப் புடிச்சுக் குடுத்தர்றதுதான்" என்றார்.

மழைமானியைப் பார்த்தேன். அடியில் விரல் நகமளவு தண்ணீர். நோட்டில் இன்றைக்கும் பூஜ்யம்.

"இது என்னங்க?"

"சாரலுங்க. அதெல்லாம் மழையிங்களா? ஒரு ஒழவு ஈரம் உள்ள எறங்கோணுமில்லீங்க!"

கலப்பை இறங்கும் அளவு மண் நனைந்தால்தான் இங்கே மழை என்று பெயர். அதற்குக் குறைந்ததை எல்லாம் அவர் விட்டுவிட்டிருந்தார். கணினி சொன்னது சரி, நோட்டு தவறு. நிம்மதியாக மூச்சு விட்டேன்.

அவர் விடவில்லை. "அப்ப உங்க கம்ப்யூட்டரு சாரலையும் கூட்டித்தான் மழைன்னு சொல்லுதுங்களா? அவரு கொடை புடிக்கறவருங்களா, ஏரு புடிக்கறவருங்களா?"

மடிக்கணினியைத் திறந்து பத்து நாளையும் தனித்தனியே படித்தேன். இரண்டு மில்லிமீட்டர், மூன்று, ஒன்று, மீண்டும் மூன்று. கூட்டினால் போதும்போல் இருந்தது. ஒரு நாள்கூட உழவு மழை இல்லை. நாங்கள் கூட்டுத்தொகையை மட்டுமே அனுப்பியிருந்தோம்.

மூட்டையின் வாயை இறுக்கிக் கட்டினார். "பொரட்டாசிக்குப் பாத்துக்கலாமுங்க. அதுவரைக்கும் திருப்பூர்ல பனியன் கம்பெனியில செக்கிங் வேலை குடுப்பாங்க. இருங்க, நானும் வர்றனுங்க, கேட்டுட்டு வந்தர்லாம்."

11.30. திரும்பும் வண்டியில் அவர் எனக்கு முன் இருக்கை. எனக்குச் சீட்டு இருபது ரூபாய், பெண்களுக்கு இலவசம். வழியெங்கும் நிழலும் வெயிலும் மாறி மாறி வயல்களின் மேல் நகர்ந்தன. பாதித் தூரத்தில் சாரல் பிடித்தது. பின்னாலிருந்து யாரோ, "மழைடா!" என்று கூவினார். மண் வாசனை வண்டி முழுக்கப் பரவியது. அந்த நேரம் நானும் அதை நம்பினேன்.

சரஸ்வதி ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினார். உள்ளங்கை பளபளவென்று நனைந்தது. உள்ளே இழுத்து மடியில் விரித்து வைத்துக்கொண்டு அதையே பார்த்தார். அடுத்த நிறுத்தம் வருவதற்குள் காய்ந்துவிட்டது.