பண்டமாரான் அக்கா

ஃபெடரல் ஹைவேயில் வண்டிகள் ஊர்ந்துகொண்டிருந்த ஒரு காலையில், என் கார் ரேடியோவில் என் மனைவி பேசினாள். முதலில் நம்பவில்லை. ஒலியைக் கூட்டினேன். சந்தேகமே இல்லை, எதைச் சொல்வதானாலும் “ஆங்” என்று இழுத்துத் தொடங்கும் அந்தக் குரல் கல்யாணமான நாளிலிருந்து நான் கேட்டுப் பழகியது. ஆனால் அன்று அது என்னிடம் பேசவில்லை. காலை நிகழ்ச்சி நடத்தும் அறிவிப்பாளனோடு சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தது.

நாங்கள் குடியிருப்பது கிள்ளானை ஒட்டிய பண்டமாரானில். எனக்கு பெட்டாலிங் ஜெயாவில் ஓர் அச்சகத்தில் மேற்பார்வையாளர் வேலை. அவளுக்குத் துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே ஒரு கப்பல் முகவர் அலுவலகம், ஒன்பது மணிக்குப் போனால் போதும். விடியும் முன்பே கிளம்பினாலும் ஹைவே ஜேமில் மாட்டிக்கொள்ளும் எனக்கு ரேடியோதான் துணை. அந்த வாரம் நிகழ்ச்சியில் ஒரே விவாதம். ஒரு லோரி ஓட்டுநரைக் கதாநாயகனாக வைத்து இரண்டு பாகங்கள் வந்து சக்கைபோடு போட்ட படம். மூன்றாம் பாகத்துக்கு இசையமைப்பாளரை மாற்றிவிட்டார்கள். டீசரும் வந்துவிட்டது. மாற்றியது சரியா, தவறா? நேயர்கள் விழுந்தடித்துக்கொண்டு அழைத்தார்கள்.

நான் பழையவர் கட்சி. அதுவும் சாதாரணத் தொண்டன் இல்லை. அந்த அறிவிப்பாளனுக்கு என்னைத் தெரியும், “கிள்ளான் அண்ணே வந்துட்டாரு” என்றுதான் வரவேற்பான். முதல் இரண்டு பாகங்களிலும் லோரி வந்து நிற்கும், கதாநாயகன் கதவைத் திறந்து காலைக் கீழே வைப்பான், அந்த நொடியில் தவிலும் டிரம்பெட்டும் சேர்ந்து கூரையைப் பிய்க்கும். அந்த இடம் வருவதற்குச் சற்று முன்பே எனக்குக் கை பரபரக்கும். பக்கத்தில் யார் இருந்தாலும் முழங்கையைத் தட்டி, “இரு, இரு, இப்ப வரும் பாரு” என்பேன். வீட்டில் எத்தனையாவது முறை போட்டுப் பார்த்தாலும் அப்படித்தான். திங்கட்கிழமை இதையெல்லாம் ரேடியோவில் சொன்னேன். அவன் சிரித்தான். ஆனால் எனக்குச் சிரித்தது கொஞ்சம்தான்.

இப்போது அவளோடு வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தான்.

“அக்கா எங்கேருந்து பேசுறீங்க?”

“பண்டமாரான்லேருந்து.”

“பேரு சொல்லவே இல்லையே?”

“பேரெல்லாம் எதுக்குத் தம்பி?”

“சரி, பண்டமாரான் அக்கா. பழையவரா, புதியவரா?”

“ஆங்… புதுசுதான். டீசர்ல லோரி வந்து நிக்கும்ல, அங்க அவரு ஒரே ஒரு புல்லாங்குழல்தான் வச்சிருக்காரு. அதுவும் நின்னுடுது. அப்புறம் பிரேக்ல காத்து விடுற சத்தம், அவ்வளவுதான். எங்கப்பா போர்ட்ல லோரி ஓட்டுனாரு தம்பி. வீட்டுக்குப் பின்னால அந்தக் காத்து விடுற சத்தம் கேக்குற வரைக்கும் நான் தூங்க மாட்டேன். கண்ண மூடிக்கிட்டுப் படுத்திருப்பேன், தூங்கிட்டேன்னு எல்லாரும் நெனச்சிக்குவாங்க. எத்தன படத்துல லோரி பாத்துட்டேன், அந்தச் சத்தத்த யாரும் கேக்க விட்டதில்ல. இவருதான் விட்டாரு.”

அறிவிப்பாளன் நேயர்களிடம் பேசுகிற குரலாக இல்லாமல் தணிந்த குரலில், “அக்கா, காலையிலயே அழ வச்சிடுவீங்க போல லா” என்றான். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் வீட்டில் கேட்டு எவ்வளவு காலம் ஆகிறது என்று யோசித்தேன்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாமனார் லோரி ஓட்டியது எனக்கும் தெரியும். ஆனால் இவள் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்த கதை எனக்குத் தெரியாது. கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் நடுவே ஜேமில் நின்ற அத்தனை பேரோடு சேர்ந்து, அவர்களில் ஒருவனாக, நானும் அன்றைக்குத்தான் கேட்டேன். பக்கத்து வண்டிக்காரர் ஸ்டியரிங்கில் தாளம் போட்டபடி புன்னகைத்துக்கொண்டிருந்தார். இதே நிகழ்ச்சியைத்தான் கேட்கிறார் என்று தோன்றியது. கண்ணாடியை இறக்கி, “உமக்கென்ன சிரிப்பு?” என்று கேட்டிருப்பேன், வண்டிகள் நகர்ந்துவிட்டன.

அந்த அறிவிப்பாளனுக்கு என்னைவிட வயது குறைவு, குரல் வெண்ணெய், பல்வரிசையெல்லாம் விளம்பரப் பலகையில் பார்த்தால் வயிறெரியும். அவனையாவது மன்னித்துவிடலாம், பேசுவது அவன் பிழைப்பு. அந்தப் புதிய இசையமைப்பாளனை என்ன செய்வது? பழையவர் ஐம்பது வாத்தியங்களை வைத்து இடித்தும் என் மனைவி ஒரு வார்த்தை பாராட்டியதில்லை. இவன் வாசிக்காமலே நல்ல பேர் வாங்கிவிட்டான்.

மாலை வீட்டுக்குப் போனேன். அவளாகச் சொல்லட்டும் என்று காத்திருந்தேன். கோப்பி கொடுத்தாள், மீன் விலை ஏறியதைச் சொன்னாள், இதைச் சொல்லவில்லை. மறுநாள் காலை மறுபடியும் ரேடியோவில் வந்தாள். இந்த முறை அந்தப் புல்லாங்குழலை முணுமுணுத்தே காட்டினாள். அவளுக்கு அவ்வளவு சுருதி நிற்கும் என்பதும் எனக்குப் புதுச் செய்தி.

சனிக்கிழமை காலை நானும் என் கூட்டாளிகளும் பிரிக்ஃபீல்ட்ஸில் வழக்கமான உணவகத்தில் கூடினோம். எல்லோரும் பழையவர் கட்சி, பள்ளிக்கூடத்திலிருந்து ஒன்றாகப் படம் பார்த்தவர்கள். நுரை பொங்கும் தே தாரிக் கிளாஸ் மேசைக்கு வரும் முன்பே ஒருவன் கைப்பேசியை நீட்டினான். வானொலிக்காரர்கள் அவள் பேச்சை வெட்டி இணையத்தில் போட்டிருந்தார்கள்.

“கேளு மச்சான், இந்த அக்கா என்னமா பேசுது. நான் கட்சி மாறிட்டேன் லா.”

“புருஷன் குடுத்து வச்சவன்டா,” என்றான் இன்னொருவன். “வீட்டுல தெனம் இப்படித்தானே பேசிக்கிட்டு இருக்கும்?”

அது என் பொண்டாட்டி என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் அடுத்த கேள்வி என்னவென்று எனக்குத் தெரியும்: அப்படியானால் இந்தக் கதை உனக்கு முன்பே தெரியுமா? “ரொம்பத்தான் பேசுது,” என்று சொல்லிவிட்டு இன்னொரு ரொட்டி சானாய் கேட்டேன்.

வீட்டுக்கு வந்தபோது அவள் சமையலறைத் தரையில் உட்கார்ந்து நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

“அந்த ரேடியோக்காரன்கிட்ட என்ன அவ்வளவு சிரிப்பு?”

அவள் திடுக்கிடவில்லை. “கேட்டீங்களா?”

“ஊரே கேட்டுச்சு. அப்பா லோரி, நீ தூங்காம கெடந்தது எல்லாத்தையும் அவன்கிட்ட சொல்ற. அவன் யாரு உனக்கு? என்கிட்ட ஒரு நாள் சொல்லியிருக்கியா?”

கையிலிருந்த நெத்திலியைத் தட்டில் போட்டாள். “சொல்ல வந்தேங்க. மொதப் பாகம் பாக்கப் போனப்ப லோரி வந்து நின்னுச்சு. உங்க காதுகிட்ட வந்து ‘எங்கப்பா’ன்னு ஆரம்பிச்சேன். ‘இரு, இரு, இப்ப வரும் பாரு’ன்னு முழங்கையத் தட்டுனீங்க. ரெண்டாம் பாகத்துலயும் ஆரம்பிச்சேன். அதே ‘இரு, இரு’தான். வீட்டுல போட்டுப் பாக்கறப்பவும் அதேதான்.”

“அதுக்கு ரேடியோல போயி…”

“பாருங்க, இப்பக்கூட.”

வாயை மூடிக்கொண்டேன்.

“ஜேம்ல இருக்கறப்ப நீங்க அந்த ஸ்டேஷன மாத்த மாட்டீங்க. அங்க பேசுனா குறுக்க பேச முடியாது, கடைசி வரைக்கும் கேட்டுத்தான் ஆகணும். நான் அந்தத் தம்பிகிட்டயா சொன்னேன்? உங்ககிட்டதான் சொன்னேன்.”

நியாயமாக எனக்கு மனம் குளிர்ந்திருக்க வேண்டும். கொஞ்சம் குளிர்ந்தது. அவள் பக்கத்தில் உட்கார்ந்து நானும் தலை கிள்ளினேன். ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

“சரி, அப்ப அந்தச் சிரிப்பு?”

“அது அவன் சொன்ன ஜோக் நல்லா இருந்துச்சு,” என்றாள்.

மூன்றாம் பாகம் வந்த அன்று கிள்ளானில் பகல் காட்சிக்குப் போனோம். கூட்டாளிகள் முன் வரிசையில், நாங்கள் இருவரும் பின்னால். அந்தக் காட்சி வந்தது. மழையில் லோரி வந்து நின்றது. என் கை தானாக அவள் முழங்கைப் பக்கம் போயிற்று. அதை இழுத்து என் மடியிலேயே வைத்துக்கொண்டேன். புல்லாங்குழல் தொடங்கியபோது அவளைத் திரும்பிப் பார்த்தேன். அந்த முகத்தை எங்கள் கல்யாண ஆல்பத்தில்கூட நான் பார்த்ததில்லை. இன்னொருவன் வாசிப்புக்கு அது மலர்ந்தது எனக்கு எரிந்தது, மறைப்பானேன்.

அவள் என் காதுப் பக்கம் சாய்ந்தாள். “எங்கப்பா ஒரு நாளு…” என்று தொடங்கினாள்.

எங்களுக்கும் பின் வரிசையிலிருந்து ஓர் இளைஞன், “அக்கா, மெதுவா லா, மியூசிக் கேக்கணும்” என்றான்.

நான் முழுதாகத் திரும்பினேன். “நீ சும்மா இரு தம்பி. அவங்க பேசட்டும்.”

அவள் பேசினாள். லோரி கிளம்பி, அடுத்த காட்சியும் முடிந்து, சண்டை ஆரம்பித்த பிறகும் பேசினாள். என்ன சொன்னாள் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. அது எனக்குச் சொன்னது.

திங்கட்கிழமை காலை நானே அழைத்தேன். “கிள்ளான் அண்ணே!” என்று உற்சாகமாகக் கூவினான் அறிவிப்பாளன். “படம் பாத்தாச்சா? லோரி சீன்ல மியூசிக் எப்படி? பழையவரா, புதியவரா? இன்னிக்குத் தீர்ப்பு சொல்லிடுங்க.”

“தெரியல லா,” என்றேன். “நான் கேக்கல.”

அவன் சிரித்தான், இந்த முறை நன்றாகவே சிரித்தான். பிறகு, “அந்தப் பண்டமாரான் அக்காவ ஆளயே காணோமே அண்ணே, அவங்க கருத்துக்குத்தான் எல்லாரும் காத்துக்கிட்டு இருக்கோம்” என்றான்.

“அவங்க இனிமே கூப்பிட மாட்டாங்க தம்பி,” என்றேன். எப்படித் தெரியும் என்று அவன் கேட்பதற்குள் துண்டித்துவிட்டேன்.